கிழக்கு வளாகத்தில் நூறு நிமிடம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து ஒரு சின்னக் கறுப்புக் கருவியை எடுத்து அப்பாவின் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முதுகில் ஒரு கிளிப், நெற்றியில் ஒரு பச்சை விளக்கு.

"நாளைக்கு நாள் பூரா இதை நீங்க சட்டையில மாட்டிக்கணும்பா."

"என்ன இது?"

"ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்ல இருந்து வர்ற சிக்னலை வெச்சு, நாம எங்க இருக்கோம்னு பத்து செகண்டுக்கு ஒரு தடவை குறிச்சு வெச்சுக்கும். டீச்சர் அதைக் கம்ப்யூட்டர்ல போட்டா மேப் மேல கோடா வரும். எங்க கிளாஸ்ல ஆளுக்கு ஒரு பெரியவங்களோட ஒரு நாளை வரையுறோம்."

அவனுக்கு வாயிலிருந்த டீ உள்ளே போகவும் மாட்டேன், வெளியே வரவும் மாட்டேன் என்று நின்றது.

"அம்மாவுக்கு மாட்டலாமே" என்றான்.

"அம்மா வேலை பாக்கற ரத்தப் பரிசோதனை லேப் அடுத்த தெரு. நகம் வெட்டிப் போட்ட மாதிரி இத்தனூண்டு கோடு வரும். உங்க ஆபீஸ்தான் தூரம். ரெண்டு பஸ். நீளமா, அழகா வரும்."

மகளுக்கு வயது பதிமூன்று. எதையும் நோண்டி நோண்டிக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர். வக்கீல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த நீளமான, அழகான கோட்டின் முனையில் அவனுக்கு ஆபீஸே இல்லை. பதினாறு வருஷம் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனத்தில் ஆவணப் பிரிவை இழுத்து மூடி நாலு மாசம் ஆகியிருந்தது. மூடிய அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் படுத்திருந்தாள். காய்ச்சல்காரியிடம் இதையா சொல்வது என்று விட்டான். மறுநாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். இன்றைக்குத்தானே எழுந்திருக்கிறாள் என்று விட்டான். மூன்றாம் நாள் அவளுடைய அண்ணன் போன் செய்து, "மாப்பிள்ளைக்கு இந்த வருஷம் பிரமோஷன் வரணுமே" என்றார். அத்தோடு வாய் பூட்டிக்கொண்டது.

பத்தாம் நாள் ஊர்க்கோடியில் இருந்த ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வேலை கிடைத்தது. வாடிக்கையாளர்கள் சாமான் தள்ளிக்கொண்டு போய்க் காருக்குப் பக்கத்தில் அனாதையாக விட்டுவிட்டுப் போகும் டிராலிகளைப் பொறுக்கிச் சேர்த்து, வரிசையாகக் கோத்து, திரும்ப வாசலுக்குத் தள்ளி வரும் வேலை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் தோல்பையுமாக வீட்டைவிட்டுக் கிளம்புவான். கடையில் சட்டையைக் கழற்றி ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொள்வான். சாயங்காலம் மறுபடி ஆபீஸர் ஆகிவிடுவான். சம்பளம் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் மறைக்க முடியாத அளவுக்கு இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"நடுவுல ஆஃப் பண்ணிட்டா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தான்.

"கோடு அறுந்து போயிடும். டீச்சர் கண்டுபிடிச்சிடுவாங்க. ஏம்பா, எதுக்கு ஆஃப் பண்ணணும்?"

"சும்மா கேட்டேன். பேட்டரி வீணாகுமேன்னு."

வக்கீல் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று ராத்திரி முழுக்க யோசித்து அவன் கண்டுபிடித்த வழி, கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பழைய ஆபீஸ் கட்டடம் அங்கேயே இருந்தது. வாசலில் மேஜரும் இருந்தார். மேஜர் பட்டாளத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மீசையைப் பார்த்து யாரோ வைத்த பேர். வாட்ச்மேன். பதினாறு வருஷம் தினமும் அவனுக்குக் கதவு திறந்துவிட்டவர். வேலை போனது தெரிந்த ஆட்களில் அவரும் ஒருவர்.

புதன்கிழமை காலை கருவியைச் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டு பழையபடி இரண்டு பஸ் ஏறிக் கட்டடத்துக்குப் போனான். கடையில் கூட வேலை செய்பவனிடம் சொல்லி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவதற்கு ஏற்பாடு செய்திருந்தான்.

"மேஜர், இது எம்பொண்ணோட பள்ளிக்கூட சாமான். சாயங்காலம் வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கணும். கட்டடத்துல இருந்தா போதும்."

"இவ்வளவுதானே சார்? உசுரு மாதிரி பாத்துக்கறேன்" என்று மேஜர் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது, மேஜர் கொடுத்த வாக்குப்படியே மார்புப் பக்கத்துப் பையிலிருந்து கருவியை எடுத்துக் கொடுத்தார்.

"கீழ வைக்கவே இல்ல சார். நாள் பூரா எம்மேலயேதான் இருந்துச்சு."

அவனுக்கு உயிர் வந்தது. இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து மகளிடம் ஒப்படைத்து, அன்றைக்குத் தட்டில் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வக்கீல் ஒரு பெரிய காகிதத்தைச் சுருட்டிக் கொண்டுவந்தாள். மேசையில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர், கத்தரிக்கோல், அகராதி, அம்மாவின் கைப்பேசி என்று பாரம் வைத்தாள். வானத்திலிருந்து எடுத்த ஊர்ப் படம். கூரைகளும் மரங்களும் ரோடும் தெளிவாகத் தெரிந்தன. அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"பத்து நிமிஷத்துக்கு மேல நின்ன இடத்துல எல்லாம் கம்ப்யூட்டர் ஒரு வட்டம் போட்டுடும். அங்க என்ன பண்ணாங்கன்னு நாங்க கேட்டு எழுதணும். அப்பா, ரெடியா?"

"ரெடி" என்றான் அவன், தைரியமாக. பிறகுதான் படத்தைப் பார்த்தான். வட்டம் ஒன்றுதானே இருக்க வேண்டும்? மூன்று இருந்தன.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாசலில் நிற்பது மேஜருக்குப் பாதி வேலை. கட்டடத்துத் தபால்களை மற்ற இடங்களுக்கு எடுத்துப் போய்க் கொடுப்பது மீதிப் பாதி. பதினாறு வருஷம் பார்த்தும் அது அவன் புத்தியில் படவே இல்லை. உசுரு மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்றவர், உசுரைப் போலவே போகிற இடத்துக்கெல்லாம் கூடவே கொண்டு போயிருக்கிறார்.

"முதல் வட்டம் ஆபீஸ். சரி. ரெண்டாவது, பதினொண்ணே காலுக்கு இங்க இருபத்தஞ்சு நிமிஷம். இது ஒரு சலூன். நான் மேப்ல பெரிசாக்கிப் பாத்தேன்." வக்கீல் நிமிர்ந்து அவன் தலையைப் பார்த்தாள். "முடி வெட்டிக்கிட்டீங்களா? அப்படியே இருக்கே?"

"ஷேவிங்" என்றான் அவன். மூன்று நாள் தாடியோடு உட்கார்ந்துகொண்டு.

மனைவி மடித்த துண்டை மடியில் வைத்தபடி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மூணாவது. பன்னெண்டரையில இருந்து ரெண்டு பத்து வரைக்கும். நூறு நிமிஷம். இது பெரிய ஆஸ்பத்திரி. கிழக்கு வளாகம்னு போட்டிருக்கு. அங்க எதுக்குப்பா போனீங்க?"

மேஜர் எதற்குப் போனார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "அது வந்து… ஒரு வேலையா…" என்று மென்று விழுங்கினான்.

மனைவி படத்தின்மேல் குனிந்தாள். அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மடித்த துணிகளை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போனாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அவன் பின்னாலேயே போனான். அவள் கட்டிலின் விளிம்பில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்தான். ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டான்.

"நாலு மாசம்."

"நாலு மாசம்!" அவள் குரல் உடைந்தது. "எங்கிட்டச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"சொல்ல வாய் வரல. முதல் நாளே சொல்லியிருக்கணும். அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்."

"யார் யாருக்குத் தெரியும்?"

"ஆபீஸ்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். மேஜருக்குத் தெரியும்."

"வாட்ச்மேனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது!" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோதனைக்கூடத்தில் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டாள். "சரி. டாக்டர் என்ன சொன்னார்?"

"எந்த டாக்டர்?"

"மறைக்காதீங்க. எந்த ஸ்டேஜ்?"

"ஸ்டேஜா? என்ன ஸ்டேஜ்?"

"கிழக்கு வளாகத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? வாரத்துக்கு மூணு தடவை அங்க சாம்பிள் அனுப்பறேன். முழுக் கட்டடமும் புற்றுநோய்ப் பிரிவு." அவள் மூச்சு வாங்கினாள். "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாலு மாசத்துல எட்டு கிலோ குறைஞ்சிருக்கீங்க. பெல்ட்ல ரெண்டு ஓட்டை புதுசாப் போட்டிருக்கீங்க. சாயங்காலம் வந்ததும் கால் வலிக்குதுன்னு உக்காந்துடறீங்க. ரெண்டு தடவை ஊசியும் குழாயும் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன், உங்க ரத்தம் எடுக்கலாம்னு. பயமா இருந்துச்சு. அப்படியே திரும்ப எடுத்துட்டுப் போயிட்டேன்."

ஒவ்வொன்றாக அவன் மண்டைக்குள் இறங்க நேரம் பிடித்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

"பொய் சொல்லாதீங்க."

"நான் டிராலி தள்றேன்."

"என்னது?"

"டிராலி. சூப்பர் மார்க்கெட்ல. எங்க பிரிவை மூடிட்டாங்க. வேலை போயிடுச்சு. நாள் பூரா பார்க்கிங்ல நடந்து நடந்து டிராலி தள்றேன். அதுலதான் உடம்பு இளைச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனது நான் இல்ல. மேஜர். கருவியை அவர்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டேன்."

அவள் அவன் சட்டைப்பையிலிருந்து அவனுடைய கைப்பேசியை எடுத்து அவனிடமே நீட்டினாள். "அவருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

மேஜர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"மேஜர், நேத்து மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"ஆமா சார். அங்க பகல் நேர செக்யூரிட்டி நம்ம தோஸ்துதான். தபால் குடுத்துட்டு அவன் ரூம்ல சாப்பிட்டுட்டு ஒரு ஆட்டம் செஸ் போடுவோம். ஏன் சார், மிஷினுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா? நான் அதுமேல கையைக்கூட வைக்கலையே!"

"ஒண்ணும் ஆகல மேஜர். யார் ஜெயிச்சது?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க. அவ்வளவு நேரம் உக்காந்து ராணியைப் பறிகுடுத்துட்டு வந்தேன்."

போனை வைத்ததும் மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று அவன் பக்கத்தில் போனான். சிரித்துக்கொண்டும் இருந்தாள். தலையணையை எடுத்து அவன் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். மூச்சு விட்டுக்கொண்டு இன்னொன்று போட்டாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"டிராலிதானே" என்றாள். "டிராலிதானே? வேற ஒண்ணும் இல்லையே?"

"டிராலிதான்."

"அப்பாடா."

நாலு மாசமாக எந்த வார்த்தையைச் சொன்னால் தலையில் இடி விழும் என்று அவன் பயந்தானோ, அந்த வார்த்தையை அவள் மிட்டாய் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவருகே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. வக்கீல் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக என்று யாரும் கேட்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன, ஆனால் குரல் கறாராக இருந்தது.

"அப்போ என் மேப் பொய்யா?"

கோபம் வருவதற்கு மனைவிக்கு மறுநாள் காலை வரை ஆயிற்று. வந்தபோது நன்றாகவே வந்தது. பல் தேய்க்கிற பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டே, நாலு மாசமும் அவன் சொன்ன ஆபீஸ் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள். மேலதிகாரி கோபித்துக்கொண்டாரே, அது? பொய். லிஃப்ட் நின்றுபோனதே? அது போன வருஷத்து உண்மை. "அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று முடித்தாள். அப்போதே ஸ்பீக்கரில் போன் செய்தாள். அவன் குளியலறைக் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அண்ணன் இரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டுவிட்டு, "அட, இதுக்கா? எங்க கம்பெனியிலயும் போன மாசம் முப்பது பேரை அனுப்பினாங்க. என் தலை தப்பினதே பெரிசு. மாப்பிள்ளை நல்லா இருக்காரில்ல?" என்று சொன்னது சுவர் தாண்டிக் காதில் விழுந்தது.

அன்றைக்கே அவன் மகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனான். புவியியல் டீச்சர் பத்து, பன்னிரண்டு கருவிகளை வரிசையாக சார்ஜரில் போட்டுக்கொண்டிருந்தார். அவன் கைகட்டி நின்று, தன்மேல்தான் தப்பு, பெண்ணின் மதிப்பெண்ணில் கைவைக்க வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன வருஷம் ஒரு அப்பா இதை நாய் கழுத்துல கட்டி விட்டுட்டாரு. அவர் நாளெல்லாம் தூங்கறது தெரிஞ்சிடும்னு பயம். ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கிட்டயும் நின்னு நின்னு கோடு போகுது. அந்தப் பையன் அதைப் பார்த்ததுமே 'மிஸ், இது எங்க நாய்'ன்னுட்டான்." அவர் ஒரு கருவியை எடுத்து நீட்டினார். "பிடிக்கலைன்னா மாட்டவே வேண்டாம்னுதான் காகிதத்துல எழுதி அனுப்பினேன். உங்க பொண்ணு காட்டலையா?"

அவன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். வக்கீல் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மாட்டிக்கறேன்" என்றான் அவன்.

சனிக்கிழமை வக்கீலும் கூட வந்தாள். இந்தத் தடவை சாட்சி வேண்டுமாம். அவன் ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தபோது அவளை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வேலை தொடங்கியதும் கூச்சத்துக்கு நேரமில்லை. பதினெட்டு டிராலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, பின்னாலிருந்து இடுப்பை ஊன்றித் தள்ளி, சரிவில் வேகம் எடுக்கும்போது கொக்கி வைத்த வாரைக் கடைசி டிராலியில் மாட்டி இழுத்துப் பிடித்து, இரண்டு கார்களுக்கு நடுவே உரசாமல் திருப்பிக் கொண்டுவந்தான். வக்கீல் ஓரச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முன்னாடி இருக்கறது தெரியவே இல்லையே, எப்படிப்பா திருப்பறீங்க?"

"சத்தம் மாறும். முதல் டிராலி கல்லுமேல ஏறினா ஒரு சத்தம், தார் மேல போனா வேற சத்தம்."

"ஆபீஸைவிட இது கஷ்டமா?"

அவன் யோசித்தான். "கால் வலிக்கும். ஆனா பைல் மாதிரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை மாலை பெற்றோரை அழைத்துப் படங்களைக் காட்டினார்கள். பள்ளிக்கூட அரங்கில் விளக்கைக் குறைத்துத் திரையில் ஒவ்வொருவர் நாளாகப் போட்டார்கள். பஸ் ஓட்டும் அம்மா ஒருத்தி, நூற்று நாற்பது கிலோமீட்டர் போயிருந்தாள். அதில் நடந்தது முந்நூறு மீட்டர். தபால்காரர் ஒருவரின் கோடு தெருத்தெருவாகச் சீப்பு மாதிரி இருந்தது. பிறகு வக்கீல் மேடையேறினாள். அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். மனைவி சோதனைக்கூடத்திலிருந்து நேரே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் ஒரு நீளக்கோடு ஊரைக் குறுக்கே வெட்டிப் போய், ஒரு கட்டத்துக்குள் நுழைந்ததும் நூல்கண்டு மாதிரிச் சிக்கிக்கொண்டது. அரங்கில் சிரிப்பு எழுந்தது.

"இது எங்கப்பா. சூப்பர் மார்க்கெட்ல டிராலி சேர்க்கிற வேலை செய்யறாங்க. ஒரே பார்க்கிங்குக்குள்ள ஒரே நாள்ல பதினேழு கிலோமீட்டர் நடந்திருக்காங்க."

சிரிப்பு நின்றது. யாரோ விசில் அடித்தார்கள்.

"இங்க கோடு திடீர்னு பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவுது பாருங்க. எங்கப்பா சுவரேறிக் குதிக்கல. அங்க கூரை இருக்கு, சிக்னல் சரியாக் கிடைக்காது. சரி, இந்த மூலையில மட்டும் கோடு ஏன் இவ்வளவு அடர்த்தியா இருக்கு? யாராவது சொல்லுங்க."

பிள்ளைகள் ஆளாளுக்குச் சொன்னார்கள். வாசல் அங்கே இருக்கும். இல்லை. ஓய்வெடுக்கிற இடம். இல்லை. டீச்சர் கூட்டத்தைப் பார்த்து, "அப்பாவையே கேட்டுடலாமே" என்றார்.

அவன் எழுந்தான். "அங்க ஒரு மரம் இருக்கு" என்றான். "வெயில்ல எல்லாரும் காரைக் கொண்டுவந்து அந்த நிழல்லதான் நிறுத்துவாங்க. டிராலியையும் அங்கயே விட்டுட்டுப் போவாங்க."

"ஓ!" என்று அரங்கு முழுக்க ஒரு சத்தம். டீச்சர் படத்தைப் பெரிதாக்கினார். நூல்கண்டுக்கு நடுவே ஒரு பச்சைப் பொட்டு தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தபால்காரர் இரண்டு வரிசை தள்ளியிருந்து எக்கிப் பார்த்து, "என்ன செருப்பு போடறீங்க?" என்று கிசுகிசுத்தார்.

அவன் உட்கார்ந்தான். அடுத்த பிள்ளை தன் மாமாவின் நாளை விவரிக்கத் தொடங்கியது. மாமா ஒரு பல் மருத்துவர், கோடு அசையவே இல்லை. அரையிருட்டு, விசிறியின் காற்று, மெத்தென்ற நாற்காலி. அவன் தலை மெல்ல மெல்லச் சரிந்து மனைவியின் தோளில் போய் நின்றது.

வக்கீல் பிள்ளைகள் வரிசையிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "அம்மா, குறட்டை விடறாங்க. எழுப்பட்டுமா?"

"விடு" என்றாள் மனைவி. "தூங்கட்டும்."